‘கன்னு ஸ்லோவா இருக்கு’: கௌபாய் ஷூட்டர் கேம்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் வேலை குறைந்ததும் தெருப் பையன்கள் ரெண்டு மூணு பேர் வந்து உட்காருவார்கள். எல்லாரும் மொபைலில் பப்ஜி ஆடி வளர்ந்தவர்கள். போன மாதம் அதில் ஒருவனுக்கு ஒரு கௌபாய் கேம் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. “இன்னாண்ணா இது, கன்னு செம்ம ஸ்லோ. எதிர்ல ஆளு நிக்கிறான், இவன் பொறுமையா ஒண்ணொண்ணா குண்டு போட்டுனு கீறான். சிஸ்டம் ஹேங் ஆவுதா?” என்றான்.

சிஸ்டம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த கேமையே அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இந்தப் புகாரைப் பல வருஷமாகக் கேட்கிறேன். ஒருவர் “கௌபாய் ஷூட்டர் எல்லாம் வேஸ்ட்” என்பார். இன்னொருவர் “அதுக்கு அப்புறம் வேற எந்த ஷூட்டரும் பிடிக்கலை” என்பார். மூன்றாமவர் ரெட் டெட் ரிடம்ப்ஷன் என்ற பிரபல கௌபாய் கேமை இழுத்துக்கொண்டு வருவார். மூன்று பேரும் ஒரே பெயரைச் சொல்லி மூன்று வேறு விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது, அதை ஒரு கேம் எவ்வளவு தூரம் அப்படியே விட்டுவைக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எந்தக் கருத்து எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகிவிடும். கேம் ஆடிப் பழக்கமே இல்லாதவரும் தொடர்ந்து படிக்கலாம்.

யார் கண்ணால் பார்க்கிறோம்?

பைக் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் ரோடும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் தன் கைகளும் தெரியும். அவர் முதுகு அவருக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஓட்டுகிறவரின் முதுகும் தோளும், அதைத் தாண்டி ரோடும் தெரியும். வீடியோ கேமில் நம் கண் ஓட்டுகிறவர் இடத்தில் இருந்தால் ஃபர்ஸ்ட் பர்சன். பின்சீட்டில் இருந்தால் தேர்ட் பர்சன். சுடுவதே முக்கிய வேலையாக இருக்கும் ஃபர்ஸ்ட் பர்சன் கேமைத்தான் எஃப்.பி.எஸ். என்கிறார்கள்.

இதில்தான் முதல் குழப்பம். 2010இல் வந்த ரெட் டெட் ரிடம்ப்ஷன் பின்சீட்டுப் பார்வை. 2018இல் வந்த இரண்டாம் பாகத்தில் வேண்டுமானால் ஃபர்ஸ்ட் பர்சனுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேம் கட்டப்பட்டது பின்சீட்டுக்காரருக்காக. அதைக் கௌபாய் எஃப்.பி.எஸ். என்று சொல்லி மற்ற கேம்களோடு எடைபோடுவது, வாலிபாலையும் கபடியையும் ஒரே ஸ்கோர் போர்டில் எழுதுவது மாதிரி.

பார்வை மாறினால் சண்டையும் மாறும். பின்சீட்டுக் கேமரா இருந்தால் நாம் சுவர் மறைவில் நின்றபடியே முனைக்கு அந்தப் பக்கம் யார் என்று பார்த்துவிடலாம். ஃபர்ஸ்ட் பர்சனில் அது நடக்காது. எங்கள் ஏரியா சந்துகளில் எதிரே ஆட்டோ வருகிறதா என்று தெரிய பைக்கின் முன்சக்கரத்தை ரோட்டில் நீட்டித்தான் ஆக வேண்டும். அந்த மாதிரி, பார்க்க வேண்டுமென்றால் தலையை நீட்ட வேண்டும். நீட்டினால் நம்மையும் பார்ப்பார்கள்.

அடிபம்பும் ரிவால்வரும்

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு அடிபம்பை விளக்க வேண்டியதில்லை. லாரித் தண்ணீரில் பைப்பைத் திறந்துவிட்டால் மூடும்வரை கொட்டும். அடிபம்பில் ஓர் அடிக்கு ஒரு வீச்சுத் தண்ணீர்தான். கையைத் தூக்கி மறுபடி அழுத்தினால்தான் அடுத்த வீச்சு.

இன்றைய யுத்த கேம்களில் வரும் துப்பாக்கி லாரிப் பைப். ஏ.கே-47ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேகசினில், அதாவது தோட்டா அடுக்கி மாட்டும் டப்பாவில், 30 தோட்டா; நிமிஷத்துக்குச் சுமார் 600 தோட்டா சுடும் வேகம். விரலை எடுக்காமல் அழுத்தினால் மூன்றே விநாடியில் மேகசின் காலி. குறி கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை, ஓடும் பைப்பை ஆள் மேல் திருப்புவது மாதிரி திருப்பிக்கொள்ளலாம்.

கௌபாய் காலம் என்பது பெரும்பாலும் 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகான முப்பது வருஷம் போல. ஜெய்சங்கர் குதிரையில் வந்த படங்களிலும், சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் புத்தகங்களிலும் நமக்கு அறிமுகமான அதே காலம்தான். அந்தக் காலத்தின் அடையாளமாகிவிட்ட கைத்துப்பாக்கி கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்டது. ஆறு தோட்டா.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பிடிக்கு மேலே, பின்பக்கம் ஒரு சின்னக் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஹேமர். கட்டைவிரலால் அதைப் பின்னால் இழுத்தால் ‘க்ளிக்’ என்று நிற்கும். அந்த இழுப்பிலேயே தோட்டா இருக்கும் உருளை ஓர் அறை சுற்றி, அடுத்த தோட்டாவைக் குழாய்க்கு நேராகக் கொண்டுவந்துவிடும். இப்போது ட்ரிகரை அழுத்தினால் ஹேமர் விழும், குண்டு போகும். ட்ரிகர் செய்வது ஹேமரை விடுவிக்கும் அந்த ஒரே வேலைதான். அதனால்தான் இதற்கு சிங்கிள் ஆக்‌ஷன் என்று பெயர். அடுத்த குண்டுக்கு மறுபடி கட்டைவிரல், மறுபடி ‘க்ளிக்’.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. ட்ரிகரை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் உள்ளங்கையால் ஹேமரைத் தட்டித் தட்டிச் சுடுவது. இதை ஃபேனிங் என்பார்கள். வேகம் வரும், குறி போய்விடும். நிறைய கேம்கள் இதை அப்படியே வைத்திருக்கின்றன: கிட்டத்தில் இருப்பவனுக்கு ஃபேனிங், தூரத்தில் இருப்பவனுக்கு ஒவ்வொன்றாகக் குறி.

ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2இல் குறிபார்த்துச் சுட்ட பிறகு, ஹேமரை இழுக்க ஒரு முறை பட்டனை அழுத்த வேண்டும், சுட இன்னொரு முறை. “பட்டன் சரியா வேலை செய்யலை” என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். வேலை செய்கிறது, முதல் அழுத்தம் கட்டைவிரலுக்கானது.

இதுவரை பார்த்தது இவ்வளவு: எஃப்.பி.எஸ். என்றால் ஓட்டுகிறவரின் கண். கௌபாய் ரிவால்வர் என்றால் அடிபம்பு. ஒரு குண்டுக்கு ஓர் இழுப்பு. “ஸ்லோ” என்ற புகாரின் முதல் பாதி இதிலிருந்து வருகிறது. இரண்டாம் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அரைக் குடமா, முழுக் குடமா?

ரீலோடு என்றால் காலியான துப்பாக்கியில் மறுபடி தோட்டா நிரப்புவது. மேகசின் வைத்த துப்பாக்கியில் காலி டப்பாவைக் கழற்றிவிட்டு நிறைந்த டப்பாவை மாட்டுவோம். கேமில் இரண்டு மூன்று விநாடி. ஒன்று, முழுதாக முடியும். இல்லை, நடுவில் நின்றுபோனால் எதுவுமே இல்லை.

கோல்ட் ரிவால்வரில் உருளை வெளியே வராது. வலது பக்கம் உருளைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. ஹேமரைப் பாதி இழுத்து வைத்தால் உருளை தாராளமாகச் சுற்றும். கதவைத் திறந்து, குழாய்க்கு அடியில் இருக்கும் கம்பியைத் தள்ளி, சுட்ட வெற்றுக் கூட்டை வெளியே எடுக்க வேண்டும். உருளையை ஓர் அறை சுற்றி அடுத்த கூடு. இப்படி ஆறும் போன பிறகு, அதே கதவு வழியாகப் புதுத் தோட்டாவை ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். அதே காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஸ்கோஃபீல்டு ரிவால்வர் வேறு மாதிரி: நடுவில் மடங்கித் திறக்கும், திறந்த வேகத்தில் காலிக் கூடுகள் எல்லாம் ஒன்றாக வெளியே தள்ளப்படும். அதனால்தான் சில கேம்களில் ஸ்கோஃபீல்டு வைத்திருப்பவனுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஒவ்வொன்றாகப் போடுவது பார்க்கக் குறை மாதிரித்தான் தெரியும். ஆனால் மேகசின் துப்பாக்கியில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. பாதியில் நிறுத்தலாம்.

அடிபம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது “லாரி வந்துடுச்சு” என்று யாரோ கத்துகிறார்கள். அரைக் குடத்தோடு ஓடுவதா, நிரப்பிவிட்டுப் போவதா? எங்கள் அம்மா அந்த முடிவை ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்திருக்கிறார். கௌபாய் ஷூட்டரில் ரீலோடு என்பது அதே முடிவு. இரண்டு தோட்டா போட்டாயிற்று, படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறது. இப்போது கதவை மூடிவிட்டு இரண்டோடு நிற்பதா? மூன்றாவதையும் போட்டுவிடலாமா? அந்த அரை விநாடிக் கணக்குத்தான் இந்த வகை கேமின் உயிர். பப்ஜியில் ரீலோடு என்பது காத்திருக்கும் நேரம். இங்கே அது சண்டையின் ஒரு பகுதி.

ரீலோடு என்ற விஷயமே ஆரம்பத்திலிருந்து கேம்களில் இருந்ததில்லை. 1993இல் வந்த டூமிலும் 1996இல் வந்த குவேக்கிலும் ரீலோடு பட்டன் கிடையாது. இருக்கிற தோட்டா தீரும்வரை சுட்டுக்கொண்டே போகலாம். 1997இல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவுட்லாஸ் என்ற கௌபாய் கேம் ஆடுகிறவரையே தோட்டா நிரப்ப வைத்தது. மார்ஷல் என்ற சட்டக் காவலர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், மனைவியைக் கொன்று மகளைக் கடத்திப்போன கும்பலைத் தேடிப் போகும் கதை. ரீலோடு செய்வதைச் சண்டையின் பாகமாக்கிய முன்னோடி எஃப்.பி.எஸ்.களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்வார்கள். கௌபாய் கேமில் அது நடந்தது தற்செயல் இல்லை என்பது என் கருத்து. ஆறே குண்டு உள்ள ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, ஏழாவது குண்டு எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் விட முடியாது.

டார்ச் வெளிச்சமும் த்ரூ பாஸும்

அடுத்த புகார்: “மேலதான் சுட்டேன், படலை.”

கம்ப்யூட்டர் ஒரு குண்டைக் கணக்குப் போட இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி டார்ச் லைட். பட்டனை அமுக்கிய அதே நொடியில் எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்துவிடும். கேமில் சுட்ட கணத்திலேயே ஒரு நேர்க்கோடு போட்டு, அதில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, அடிபட்டதாக எழுதிக்கொள்வார்கள். இதன் பெயர் ஹிட்ஸ்கேன்.

இரண்டாவது வழி வியாசர்பாடி ஃபுட்பால் மைதானங்களில் தினமும் நடப்பது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபார்வர்டுக்கு த்ரூ பாஸ் கொடுப்பவன், அவன் இப்போது நிற்கும் இடத்துக்குப் பந்தை அடிப்பதில்லை. பந்து போய்ச் சேரும்போது அவன் எங்கே இருப்பானோ அங்கே அடிக்கிறான். குண்டையும் பந்து மாதிரி காற்றில் பறக்கும் பொருளாகக் கணக்குப் போட்டால் அது ப்ரொஜெக்டைல்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் ஒரு ரிவால்வர் குண்டு என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் போக 0.4 விநாடி. எதிரி விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறான் என்றால், அதற்குள் 2 மீட்டர் தள்ளிப் போயிருப்பான். அவன் நெஞ்சுக்கு நேராகக் குறிவைத்தால் காற்றைத்தான் சுடுவோம்.

ஏ.கே மாதிரித் துப்பாக்கிகளின் குண்டு விநாடிக்கு 700 மீட்டருக்கு மேல் போகும். கணக்கு அதிகம் தேவைப்படாது, தேவைப்பட்டாலும் அடுத்த குண்டு தயாராக இருக்கிறது. மெதுவான குண்டும், அடுத்த குண்டுக்குத் தாமதமும் ஒன்றாகச் சேரும்போதுதான் பழக்கமில்லாதவர் திணறுகிறார். பறக்கும் குண்டு முறையை வைத்திருக்கும் ஹண்ட்: ஷோடவுன் கேமுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளில் சந்திக்கும் சுவர் இதுதான்.

சுருக்கமாக: ரீலோடு ஒரு முடிவு, குண்டு சில கேம்களில் டார்ச், சில கேம்களில் பந்து. எந்த கேம் எந்த வழி என்று தெரியாமல் “ஹிட் பதிவாகலை” என்று முடிவுகட்ட வேண்டாம்.

வெட்டவெளி

மெதுவான துப்பாக்கியை வைத்துக்கொண்டு எங்கே சண்டை போடுகிறோம் என்பதும் முக்கியம். ஓரிடத்திலிருந்து தடையில்லாமல் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறதோ, அதைப் பார்வைக் கோடு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் சந்தில் அது இருபது அடி. காசிமேட்டில் கடல் பக்கம் திரும்பி நின்றால் அடிவானம். கௌபாய் கேம்களின் மேப், அதாவது ஆட்டம் நடக்கும் இடம், பெரும்பாலும் காசிமேடு: பாலைவனம், புல்வெளி, நடுவில் ஒரு ரயில் பாதை, அகலமான ஒரே ஒரு கடைத்தெரு. வெளியே வந்தால் எங்கிருந்தும் தெரிவோம். அதனால் ஆடுகிறவர்கள் ஓடுவதைவிடக் காத்திருப்பதே அதிகம்.

அதோடு ஒரு குண்டு செய்யும் சேதமும் பெரிது. முதல் அடி விழுந்ததிலிருந்து ஆள் சாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை டைம் டு கில் என்பார்கள். ஹண்டில் தலையில் பட்டால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. பத்து நிமிஷம் ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லை, ஒரே குண்டில் ஆட்டம் ஓவர். “போர்” என்று ஒருவர் சொல்வதும், “இதயம் வெளியே வந்துடும் போல இருந்தது” என்று இன்னொருவர் சொல்வதும் இதே பத்து நிமிஷத்தைப் பற்றித்தான்.

குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுகிறவர் கண்ணில் குதிரையின் காதும் பிடரியும்தான் தெரியும், அதன் கால் எங்கே படுகிறது என்று தெரியாது. எஃப்.பி.எஸ்.ஸில் குதிரைச் சவாரி பலருக்குப் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

எதில் மோதிக்கொள்கிறார்கள்?

இப்போது ஆடுகிறவர்களின் கருத்துகளுக்கு வருவோம். கௌபாய் ஷூட்டர்களில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று அந்தத் துப்பாக்கியின் சுணக்கத்தை மறைக்கும். இன்னொன்று அதன் மேலேயே வீடு கட்டும்.

முதல் பள்ளிக்கு நல்ல உதாரணம் போலந்து நாட்டு டெக்லேண்ட் நிறுவனம் செய்து, 2013இல் வந்த கால் ஆஃப் ஹுவாரஸ்: கன்ஸ்லிங்கர். சைலஸ் கிரீவ்ஸ் என்ற கிழவர் ஒரு சாராயக் கடையில் உட்கார்ந்து தன் பழைய கதையைச் சொல்கிறார். நாம் ஆடுவது அவர் சொல்லும் கதை. “இல்ல, அப்படி நடக்கலை” என்று அவர் பேச்சை மாற்றினால், நம் கண்ணெதிரே மேப்பும் மாறும். நேரத்தை மெதுவாக்கும் ஒரு வித்தை உண்டு. அடுத்தடுத்து விழுந்துகொண்டே போகும் எதிரிகளுக்குப் புள்ளிகள் ஏறும். கதை சொல்லும் விதத்தைப் பாராட்டாதவர் அபூர்வம். ஐந்து மணி நேரம் போல முடிந்துவிடுகிறது என்பார்கள் சிலர். நேருக்கு நேர் நிற்கும் டூயலில்தான் பெரிய பிரிவு: ஒரு கை துப்பாக்கிக்குப் பக்கத்தில் சரியான இடத்தில் நிற்க வேண்டும், அதே நேரத்தில் கண் எதிரி மேல் நிலைக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் ஜெயிக்கலாம், ஆனால் மானம் போனதாகக் கணக்கு. சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அந்த கேமிலேயே பிடித்தது அதுதான்.

இரண்டாவது பள்ளி, ஹண்ட்: ஷோடவுன். ஜெர்மனியின் க்ரைடெக் நிறுவனத்துடையது. 2019இல் முழுதாக வெளிவந்து, 2024 ஆகஸ்டில் 1896 என்ற ஆண்டைப் பெயரோடு சேர்த்துக்கொண்டது. பயங்கர ஜந்துகளை வேட்டையாட ஒரே மேப்பில் பன்னிரண்டு பேர் வரை இறங்குகிறார்கள். காக்கைக் கூட்டத்தைக் கலைத்தால் சத்தம், உடைந்த கண்ணாடியை மிதித்தால் சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே எதிரி நம்மைக் கண்டுபிடிப்பான். பழகிய வேட்டைக்காரன் செத்தால் அவனும் அவன் துப்பாக்கியும் நிரந்தரமாகப் போய்விடும். இதற்குப் பெயர் பெர்மாடெத். இதை விரும்புகிறவர்கள் உயிராக விரும்புகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் ஒரே வாரத்தில் அழித்துவிடுகிறார்கள். இரண்டும் நியாயமான கருத்து. முதல் பள்ளியை எதிர்பார்த்து இரண்டாவதில் நுழைந்தவர் எழுதும் விமர்சனம்தான் மற்றவர்களைக் குழப்புகிறது.

மூன்றாவதாக ஒரு புகார் இருக்கிறது, அது முழுக்கச் சரி என்று நினைக்கிறேன். 2011இல் வந்த கால் ஆஃப் ஹுவாரஸ்: தி கார்டெல், கதையை இன்றைய லாஸ் ஏஞ்சலீசுக்கும் மெக்சிகோவுக்கும் கொண்டுபோய்விட்டது. ரிவால்வரின் நிதானம் போய் மறுபடி லாரிப் பைப் வந்துவிட்டது. தொடரின் ரசிகர்களே அதை ஏற்கவில்லை. தொப்பியும் தூசியும் மட்டும் ஒரு கேமைக் கௌபாய் கேமாக்கிவிடாது. இரண்டு குண்டுக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளி வேண்டும்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

கதை வேண்டும், தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ள நேரமில்லை என்றால் கன்ஸ்லிங்கர். பழைய சிஸ்டத்திலும் பெரிய தொந்தரவில்லாமல் ஓடும். நண்பர்களோடு ஆன்லைனில், காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் ஃப்ராக்ஸ். 2007இல் ஹாஃப் லைஃப் 2 என்ற வேறொரு ஷூட்டர் கேமை வைத்து ரசிகர்கள் மாற்றிச் செய்ததாக ஆரம்பித்து, 2014இல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தனி கேமாக இலவசமாக வந்தது. அதில் விஸ்கி குடித்தால் உடம்பு தேறும். ஆனால் ஆட்கள் ஈவு இரக்கமில்லாமல் சுடுவார்கள். ஹண்டுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும், நிறையப் பொறுமையும், முக்கியமாக ஒரு நல்ல ஹெட்போனும் வேண்டும். தெருச் சத்தம் உள்ளே வரும் இடத்தில் அதை ஆட வேண்டாம். பாதி கேம் காதில்தான் இருக்கிறது.

எந்த கேமாக இருந்தாலும் முதல் நாள் யாரையும் சுட்டு ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஆறு குண்டை எண்ணிச் சுட்டு, ஆளில்லாத மூலையில் நின்று ரீலோடு செய்து, இரண்டாவது தோட்டாவில் நிறுத்திப் பாருங்கள். மூன்றாவதில் நிறுத்திப் பாருங்கள். கைக்கு அந்தத் தாளம் வர ஒரு சாயங்காலம் போதும்.

கடைக்கு வரும் அந்தப் பையன் ஃபிஸ்ட்ஃபுல்லைத்தான் பிடித்துக்கொண்டான். போன சனிக்கிழமை நான் ஒரு மதர்போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஸ்பீக்கரில் தோட்டா விழும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. அத்தோடு நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது, மூன்று வெடி, அப்புறம் அமைதி. திரும்பிப் பார்த்தேன். ஸ்க்ரீனில் அவன் ஆள் தரையில் கிடந்தான்.

“நாலு போட்டுனு போயிருக்கணும்ணா,” என்றான்.